மூணாவது பேஸ் பக்கம்

அந்தப் பையை மட்டும் காலால தள்ளாதீங்க, உள்ள எட்டு மட்டை இருக்கு. இருங்க, நானே இழுத்துக்கறேன். ஏ முத்துப்பேச்சி, இதை அந்தப் பக்கம் வாங்கிக்கோ. ஆங். இப்ப உட்காருங்க, தாராளமா உட்காருங்க. பழனியிலயே ஏறிட்டீங்களா? நான் கவனிக்கலை. இந்த ஃபாரத்தில மூழ்கிட்டேன்.

கிரிக்கெட் இல்லைங்க. பாலக்காட்டில ஏறினதிலிருந்து எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. சாஃப்ட்பால். பேர்தான் சாஃப்ட். முதல் நாள் மெத்துன்னு இருக்கும்னு நினைச்சு ஒரு பந்தைக் கையில வாங்கினேன். உரிச்ச தேங்காய் மாதிரி இருந்தது. அதை இந்தப் பொண்ணுங்க கையைக் கீழேயிருந்து ஒரு சுழட்டு சுழட்டி எறியறதைப் பார்க்கணும். நான் கம்பி வலைக்குப் பின்னாடி நின்னும் குனிஞ்சேன்.

நான் டீச்சர் இல்லை. பல்கலைக்கழக நூலகத்தில துணை நூலகர். இருபத்தாறு வருஷம். அப்ப இங்க என்ன வேலைன்னு கேப்பீங்க. பெண்கள் அணி வெளியூர் போனா கூட ஒரு பெண் மேலாளர் போயாகணும். அது விதி. உடற்கல்வித் துறையில இருந்த ஒரே அம்மா பிரசவ விடுப்பில போயிட்டாங்க. ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல யாரை அனுப்பலாம்னு பார்த்திருக்காங்க. பரீட்சை முடிஞ்ச நேரம், நூலகத்தில ஈ ஓட்டறோம்னு யாரோ சொல்லிட்டாங்க. மறுநாள் ஆர்டர் வந்துடுச்சு. 'லேடி மேனேஜர், சாஃப்ட்பால் பெண்கள்.' அட்டெண்டர் கொண்டு வந்து குடுத்துட்டு, "வாழ்த்துக்கள் மேடம்"னு வேற சொல்லிட்டுப் போனான்.

எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ஆனா பாருங்க, ஒரு வேலைன்னு வந்துட்டா அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கும், அதைப் பிடிச்சுக்கிட்டா போதும். பதினொரு காலேஜ் பொண்ணுங்க ஆகஸ்ட் மாசம் எங்க மைதானத்தில ஆடறாங்க. அதிலிருந்து முப்பது பேரை எடுத்து பத்து நாள் முகாம். முப்பதிலிருந்து பதினாறு. அந்தப் பதினாறு பேருக்கும் தகுதிப் படிவம், ஃபோட்டோ, பிரின்சிபால் கையெழுத்து. பத்தாம் வகுப்புச் சான்றிதழ்ல ஒரு இனிஷியல் இருக்கும், ஆதார்ல வேற இனிஷியல் இருக்கும். அதையெல்லாம் சரி பண்ணினது நான்தான். ஒரு படிவம்கூட திரும்பி வரலை, தெரியுமா? மத்த யூனிவர்சிட்டி மேனேஜர்கள் எல்லாம் அங்க வந்து மேசைக்கு முன்னால கெஞ்சிக்கிட்டு நின்னாங்க. நான் கோப்பை வச்சேன், முத்திரை வாங்கினேன், வந்துட்டே இருந்தேன்.

டிராக் சூட்தான் என் கையில இல்லை. கிளம்பற அன்னைக்கு வந்தது, பதினாறும் ஒரே அளவு. மூணு பொண்ணுங்க அதுக்குள்ள காணாமப் போயிட்டாங்க.

போட்டி தென்மண்டலத்துக்கு. கேரளாவில. தோத்தா வீட்டுக்குப் போக வேண்டியதுதான், ஜெயிச்சா அடுத்தது. அப்படியே போய் முதல் நாலு இடத்துக்குள்ள வந்துட்டா அகில இந்தியப் போட்டி. எங்க அணி ஒன்பது வருஷமா அந்த நாலுக்குள்ள வந்ததே இல்லை.

இந்தத் தடவை வந்துட்டோம்.

நான் ஏன் அதைச் சொல்றேன்னா, அதுக்குப் பின்னாடி யார் இருந்ததுன்னு... சரி, நானே சொல்லிக்கக் கூடாது. நீங்க கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

அந்தக் கடைசி ஜன்னல்கிட்ட கன்னத்தில துண்டு கட்டிக்கிட்டு ஒருத்தர் உட்கார்ந்திருக்கார் பாருங்க, அவர்தான் கோச். தேவசகாயம் சார். நல்ல மனுஷன். மூணாம் நாள் காலையில அவருக்குக் கடைவாய்ப் பல்லில வலி. மத்தியானத்துக்குள்ள கன்னம் பன்னு மாதிரி வீங்கிடுச்சு. பல் ஆஸ்பத்திரியில பிடுங்கி, வாய் நிறைய பஞ்சு வச்சு, படுத்துக்கோன்னு அனுப்பிட்டாங்க. மறுநாள் காலையில கால் இறுதி. அதில ஜெயிச்சாத்தான் நாலுக்குள்ள. தோத்தா பெட்டி கட்டணும்.

இங்கதான் நான் வர்றேன்.

இந்த ஆட்டத்தில அடிச்சுட்டு ஓடி வரிசையா நாலு இடத்தைத் தொடணும், அதுதான் பேஸ்; நாலாவது, மட்டை பிடிக்கிற இடமேதான், அதுக்கு ஹோம்னு பேர், அதைத் தொட்டா ஒரு ரன். நம்ம பக்கம் மட்டை பிடிக்கிறப்ப, மூணாவது பேஸுக்குப் பக்கத்தில சுண்ணாம்பால ஒரு கட்டம் போட்டிருப்பாங்க. கோச் அதுக்குள்ள நின்னு சைகை காட்டணும். வாயைத் திறந்து சொல்லக் கூடாது, எதிரணிக்குத் தெரிஞ்சிடும். காதைத் தொடறது, தொப்பியைத் தொடறது, இப்படி. அதைப் பார்த்துத்தான் மட்டை பிடிக்கிறவ வீசறதா, சும்மா இருக்கிறதா, இல்லை 'பன்ட்' பண்றதான்னு தெரிஞ்சுக்குவா. பன்ட்னா மட்டையை வீசாம, பந்தைத் தடவினாப்ல முன்னாடி விழ வைக்கிறது.

ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி கேப்டன் இசக்கி வந்தா. இசக்கியம்மாள். அதோ சடையைத் தூக்கிக் கட்டியிருக்காளே, அவதான். "மேம், நாளைக்கு நீங்கதான் மூணாவது பேஸ் பக்கம் நிக்கணும்"னா.

"எனக்கு என்னடி தெரியும்?"

"சைகைதான மேம். உங்களைவிட யாருக்குத் தெரியும்? நீங்க லைப்ரரியில ஒரு வார்த்த பேசாம நூறு பேரை உக்கார வைப்பியளே, நாங்க பாத்திருக்கோம்லா."

அது உண்மைதான். யோசிச்சுப் பாருங்க, இருபத்தாறு வருஷம் கையாலயும் கண்ணாலயும்தான் வேலை பார்த்திருக்கேன். கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பார்த்தா செல்ஃபோன் உள்ள போயிடும். விரலை உதட்டில வச்சா ஃபேன் சத்தம்தான் கேக்கும். இப்படி ஒரு ஆளைப் பக்கத்தில வச்சுக்கிட்டு மத்தவங்களைத் தேடுவாங்களா?

அன்னைக்கே ஒரு அட்டவணை அட்டையில எழுதிட்டேன். வலது காதைத் தொட்டா பன்ட். கண்ணாடியைக் கழட்டினா ஓங்கி அடி. விரலை எச்சில் தொட்டு பக்கம் திருப்பற மாதிரி செஞ்சா பேஸ்ல நிக்கிறவ ஓடணும். விரலை உதட்டில வச்சா, ஒண்ணும் செய்யாதே, சும்மா இரு. பிள்ளைங்க எல்லாம் "சூப்பர் மேம், சூப்பர் மேம்"னு கை தட்டிச்சு.

இசக்கிதான் சொன்னா, "மேம், இன்னும் நாலஞ்சு சேத்துக்கிடுவோமா? நிறைய இருந்தா நல்லாருக்கும். கைய மட்டும் ஓய விடாதிய மேம். என்னத்தையாவது செஞ்சுக்கிட்டே இருங்க."

ஆர்வம் பாருங்க அந்தப் பொண்ணுக்கு.

எதிரணி கர்நாடகா பக்கம். உயரமான பொண்ணுங்க. அவங்க கோச் ஒரு அம்மா, வெள்ளைத் தொப்பி, கழுத்தில விசில். ஆட்டம் தொடங்கினதிலிருந்து அந்த அம்மா என்னைத்தான் பார்த்தாங்க. பந்தைப் பார்க்கலை, மட்டை பிடிக்கிறவளைப் பார்க்கலை, என்னையே. நான் காதைத் தொட்டா குறிப்பெடுப்பாங்க. கண்ணாடியைக் கழட்டினா குறிப்பெடுப்பாங்க. பக்கத்தில ஒரு பொண்ணை உட்கார வச்சு அவளையும் எழுதச் சொன்னாங்க. உண்மையைச் சொல்றேன், என் வேலையை ஒருத்தர் இவ்வளவு கவனமா பார்த்தது அதுதான் முதல் தடவை. எங்க துணைவேந்தர் நூலகத்துக்கு வந்தப்பகூட நேரா மீன்தொட்டியைப் பார்க்கப் போயிட்டார்.

இப்ப ஒரு குறை சொல்லணும். என் பிள்ளைங்கன்னாலும் சொல்லணும். சைகையைச் சரியா கவனிக்கலை. நான் காதைத் தொட்டேன், பன்ட். இந்த முத்துப்பேச்சி என்ன பண்ணினா, ஓங்கி வீசினா. பந்து ரெண்டு பேருக்கு நடுவில போய் வேலியில இடிச்சது. ரெண்டு பேஸ் ஓடிட்டா. அந்த இன்னிங்ஸ் முடிஞ்சு வந்ததும் கேட்டேன், "ஏண்டி, காதைத்தானே தொட்டேன்?"

"வெயில்ல சரியாத் தெரியல மேம். கண்ணாடின்னு நெனச்சிட்டேன்."

சரின்னு விட்டேன். அடுத்தது கண்ணாடியைக் கழட்டினேன், ஓங்கி அடின்னு. அப்ப மட்டை பிடிச்சவ பன்ட் பண்ணினா. எதிரணிப் பொண்ணுங்க எல்லாம் பின்னாடி தள்ளி நின்னாங்களா, பந்தை எடுக்க ஆளே இல்லை. ஒரு ரன். நான் எல்லாத்தையும் எண்ணி வச்சிருக்கேன். எனக்கு எண்ணற பழக்கம் உண்டு. மொத்தம் இருபத்தி மூணு சைகை காட்டினேன். பதினேழு தடவை பிள்ளைங்க தப்பா புரிஞ்சுக்கிச்சு. ஆனா பாருங்க அதிசயத்தை, தப்பா புரிஞ்சுக்கிட்ட பதினேழும் நல்லபடியாத்தான் முடிஞ்சது. சில நாள் அப்படி அமையும்.

ஒரே ஒரு சைகையைத்தான் எல்லாரும் ஒழுங்கா கடைப்பிடிச்சாங்க. விரல் உதட்டில. அதை வச்சேன்னா யாரும் அசையலை. அசைய வேண்டிய நேரமும் இல்லை, அதுவும் இருக்கலாம்.

என்னம்மா, இசக்கி? கொய்யாவா? எதுக்குடி இவ்வளவு? சரி, வை. இந்தாங்க, எடுத்துக்குங்க, ஆயக்குடிக் கொய்யா. பழனியில இறங்கி ஓடிப்போய் வாங்கிட்டு வந்திருக்கா. உப்பு மிளகாப்பொடி பொட்டலத்தில இருக்கு.

காலையிலிருந்து இப்படித்தான். ஒருத்தி மாத்தி ஒருத்தி வர்றாங்க. டீ வேணுமா மேம், ஜன்னல் சீட் காலியா இருக்கு மேம், கால் நீட்டிக்கறீங்களா மேம். எனக்குத் தெரியாதா ஏன்னு? இந்த ஃபாரம். இது மேலாளர் அறிக்கை. பதினாறு பேரும் வரிசையா இருக்கு பாருங்க. ஒவ்வொரு பேருக்கும் எதிர்ல, அகில இந்தியப் போட்டிக்குப் பரிந்துரைக்கலாமா, கூடாதா. டிக் போடணும், இல்லை பெருக்கல் குறி. மதுரை வர்றதுக்குள்ள ஃபோட்டோ எடுத்து எங்க டைரக்டருக்கு அனுப்பணும். அவர் இன்னைக்கே பட்டியலை மேல அனுப்பறார். நான் என்ன போடறேனோ அதுதான்.

பதினஞ்சு பேருக்கு டிக் போட்டுட்டேன். ஒருத்திக்குப் பெருக்கல் போட்டிருக்கேன். பென்சில்லதான். நான் எதையும் முதல்ல பென்சில்லதான் எழுதுவேன்.

அந்தப் பதினாறாவது ஆள் யாருன்னு காதால கேட்டே சொல்லிடலாம். கொஞ்சம் பேசாம இருங்க. கேட்டுதா? டக். அடுத்த பகுதியில. கேட்டுதா? ஸ்டீல் பாட்டில். அதோட மூடியை விரல் நகத்தால தட்டறது. அவதான். ஜெனோவா. மணப்பாடு பொண்ணு. ரயில்லகூட நிறுத்த மாட்டேங்கறா பாருங்க.

சொல்றேன். மூணு வருஷமா அணியில இருக்கா, ஒரு இன்னிங்ஸ் ஆடினதில்லை. தோள்பட்டை சரியில்லை, பந்தை வேகமா எறிஞ்சா இறங்கிடுமாம். அப்ப எதுக்கு எடுத்தீங்கன்னு முகாம்லயே தேவசகாயம் சாரைக் கேட்டேன். "அவ இருக்கட்டும் மேடம்"னார். அவ்வளவுதான் சொன்னார். முகாம்லயும் அவர் பக்கத்திலயே பாட்டிலும் கையுமா உட்கார்ந்திருப்பா. மடியில ஒரு நோட்டு. எட்டிப் பார்த்தேன், கோடும் புள்ளியும் அம்புக்குறியுமா கிறுக்கல். தலைப்பு இல்லை, தேதி இல்லை, எதுவும் இல்லை. அப்படி ஒரு நோட்டை எந்த அலமாரியில வைப்பீங்க?

கால் இறுதி அன்னைக்கு எங்க பெஞ்சு எனக்கு நேர் பின்னாடி. அவ ஓரத்தில உட்கார்ந்திருக்கா. மைதானத்தில எங்களையும் நாலு காக்காயையும் விட்டா ஆளில்லை, அவ்வளவு அமைதி. எனக்குப் பின்னால டக். திரும்பி முறைச்சேன். நிறுத்தினா. மறுபடி டக் டக். "ஜெனோவா, அந்த பாட்டிலைக் கீழ வை"ன்னேன். "சரி மேம்"ன்னு கீழ வச்சா. அடுத்த ஆள் மட்டை பிடிக்க வந்ததும் மறுபடி கையில எடுத்துட்டா. மூடியைத் திறக்கறா, மூடறா, தட்டறா. ஒரு சொட்டு குடிக்கலை! குடிச்சாலாவது பரவாயில்லை. நாலாவது இன்னிங்ஸ் முடிஞ்சு தனியா கூப்பிட்டே கண்டிச்சேன். "உனக்கு ஆட வாய்ப்பில்லைன்னு கோபமா? அதுக்காக எல்லாருக்கும் தொந்தரவு குடுப்பியா?" தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "இல்ல மேம், பழக்கம் மேம்"னா.

எனக்கு என் வேலையில இந்த ஒண்ணைத்தான் தாங்க முடியாது. சத்தம். யாராவது பேனாவால மேசையைத் தட்டினா எனக்குத் தெரியாமலே எண்ண ஆரம்பிச்சிடுவேன். அன்னைக்கும் எண்ணினேன்.

ஏழாவது இன்னிங்ஸ். கடைசி. ரெண்டுக்கு ரெண்டு. முத்துப்பேச்சி மூணாவது பேஸ்ல நிக்கிறா, என் கைக்கு எட்டற தூரம். மட்டை பிடிக்கிறவ இசக்கி. முத்துப்பேச்சி ஓடிப்போய் ஹோமைத் தொட்டுட்டா ஜெயிச்சோம். இல்லைன்னா கூடுதல் இன்னிங்ஸ். எங்க பந்து எறியற பொண்ணுக்கு அதுக்குள்ள கை தூக்க முடியலை. அதனால அப்பவே முடிஞ்சாகணும். எதிரணிக்கும் அது தெரியும். அவங்க பொண்ணுங்க ரெண்டு பேர், பன்ட் வரும்னு ரெண்டு பக்கத்திலிருந்தும் முன்னாடி வந்து இசக்கி மூஞ்சிக்கு நேரா நிக்கிறாங்க. வெள்ளைத் தொப்பி அம்மா என்னையே பார்க்கறாங்க.

நான் என்ன சைகை காட்டலாம்னு யோசிச்சுக்கிட்டு நிக்கிறேன். அப்ப பாருங்க, பின்னாடி, டக். ஒரு தட்டு. கொஞ்சம் விட்டு, டக் டக். ரெண்டு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இந்த நேரத்திலயா? திரும்பினேன், விரலை உதட்டில வச்சேன், ஷ்ஷ்ஷ். நூலகத்தில வைக்கிற மாதிரியே வச்சேன். நல்லா அழுத்தி. வச்ச விரலை எடுக்காமலே முன்னால திரும்பினேன்.

வெள்ளைத் தொப்பி அம்மா கன்னடத்தில என்னமோ கத்தினாங்க. முன்னாடி வந்து நின்ன ரெண்டு பொண்ணுங்களும் பழைய இடத்துக்கே பின்னால போயிட்டாங்க. பந்து வந்தது. இசக்கி மட்டையைக் குறுக்கே நீட்டி ஒரு தடவு. பந்து ரெண்டு முழம் உருண்டு நின்னது. முத்துப்பேச்சி என் முன்னாலேயே காத்தா பறந்தா. அவங்க ஓடி வந்து பந்தைக் குனிஞ்சு எடுக்கறதுக்குள்ள புழுதியோட சறுக்கிக்கிட்டே போய் ஹோமைத் தொட்டுட்டா.

மூணுக்கு ரெண்டு! ஒன்பது வருஷம்!

பிள்ளைங்க என்னைத் தூக்கிட்டாங்க. சேலையோட. இறக்குங்கடி, இறக்குங்கடின்னு கத்தறேன், யார் கேக்கறா. அந்த வெள்ளைத் தொப்பி அம்மா நேரா என்கிட்ட வந்து ரெண்டு கையாலயும் என் கையைப் பிடிச்சு, "வெரி கன்ஃப்யூசிங், மேடம். வெரி வெரி கன்ஃப்யூசிங்"ன்னாங்க. எதிரணி கோச் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வேணுமா?

அதுக்கப்புறம் நாலு அணிக்குள்ள லீக். அதில மூணாவதா வந்தோம். அது போகட்டும். அகில இந்தியா உறுதியாச்சு, அதுதான் கணக்கு.

இதோ இங்க ஒரு வரி இருக்கு. 'களத்தில் வழிநடத்தியவர்.' தேவசகாயம் சார்தான் என் பேரை எழுதச் சொல்லி கையைக் காட்டினார். எழுதிட்டேன். ஜெனோவாவைப் பத்தியும் கேட்டேன். மூணு தடவை கண்டிச்சும் கேக்கலை சார், ஒழுங்கு இல்லை, எடுத்துடலாமான்னு. அவர் கையை இப்படி இப்படி ஆட்டினார், தலையைப் பிடிச்சுக்கிட்டார், விரலால காத்தில தட்டிக் காட்டினார். பாவம், வலி உச்சிக்கு ஏறிடுச்சு போல. தொந்தரவு பண்ண வேண்டாம்னு வந்துட்டேன்.

பாவம்தான், எனக்கு அவ மேல தனிப்பட்ட கோபம் ஒண்ணும் கிடையாது. இசக்கி காலையில வந்து சொன்னா. "மேம், எங்களுக்கெல்லாம் அடுத்த வருசம் இருக்கு. அவளுக்கு இதுதான் கடைசி. அகில இந்தியாவுக்குப் போன சர்டிஃபிகேட் இருந்தாத்தான் போலீஸ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல போட முடியும். அவ ரெண்டு வருசமா அதுக்குத்தான் படிக்கா மேம்."

"அப்ப ஒழுங்கா இருந்திருக்கணும்"னேன்.

"மேம், அவ இல்லாட்டி எங்களுக்கு ஆட்டமே வராது மேம்."

"அது என்னடி, ராசியா? படிச்ச பொண்ணுங்க பேசற பேச்சா?"

என்னமோ சொல்ல வாயெடுத்தா. முத்துப்பேச்சி அவ கையைப் பிடிச்சு இழுத்தா. ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அப்புறம் இசக்கி, "ஆமா மேம், ராசிதான்"னா. போயிட்டாங்க. போன கொஞ்ச நேரத்தில டீ வந்தது.

என்ன கேட்டீங்க? சத்தத்தில கேக்கலை, ரயில் பாலத்து மேல போகுது.

முத்துப்பேச்சி எப்ப ஓடினான்னா? ஜெனோவா தட்டினதுக்கு முன்னாடியா, பின்னாடியா? பின்னாடிதான். அவ தட்டினா, நான் திரும்பினேன், ஷ்ஷ்னேன், பந்து வந்தது, இவ ஓடினா. பின்னாடிதான். ஏன் சிரிக்கிறீங்க?

இல்லைங்க. அது தற்செயல். அன்னைக்குப் பூரா தட்டிக்கிட்டேதான் இருந்தா. முதல்ல முத்துப்பேச்சி ஓங்கி அடிச்சாளே, அப்ப தட்டலையே. அப்ப மூடியைத் திறந்து வச்சிருந்தா. தண்ணி மேல சிந்திடப் போகுது, மூடுன்னு நான்தானே சொன்னேன். அடுத்தது அந்த பன்ட், அதுக்கு ஒரு தட்டு. ஒண்ணேதான். மூணாவது இன்னிங்ஸ்ல எங்க அணியில சின்னப் பொண்ணு ஒருத்தி ரெண்டாவது பேஸுக்கு ஓடினப்ப ரெண்டு தட்டு. அஞ்சாவதுலயும் ரெண்டு, அப்பவும் ஓடினா. கடைசியில ஒரு தட்டு, கொஞ்சம் விட்டு ரெண்டு.

ஒரு தட்டு இசக்கிக்கு.

கொய்யா எடுத்துக்குங்க. நீங்க ஒண்ணுதான் எடுத்தீங்க.

கொடைரோடு வந்துட்டோமா? மல்லிகைப்பூ வாசனை வருது பாருங்க, கூடை ஏத்தறாங்க. அப்ப மதுரைக்கு இன்னும் முக்கால் மணிதான். இதை அனுப்பிடணும்.

ஒண்ணு சொல்லட்டுமா? இந்த ஃபாரத்தை அடிச்சவங்களுக்கு விவரமே பத்தாது. பெருக்கல் குறி போட்டா பக்கத்தில காரணம் எழுதணும்னு போட்டிருக்கு. எழுத இடம் எங்க விட்டிருக்காங்க? இந்த அரை அங்குலத்தில என்னன்னு எழுதறது? 'ஒழுங்கீனம்'னு ஒரே வார்த்தை எழுதினா விளக்கம் கேட்டுக் கடுதாசி வரும். பாட்டிலைத் தட்டினான்னு விளக்கம் எழுதினா, எதுக்குத் தட்டினான்னு அடுத்த கடுதாசி வரும். அப்புறம் அதுக்கு ஒரு கோப்பு. எனக்கு இந்த வருஷம் இருப்புச் சரிபார்ப்பு வேற இருக்கு, ஒரு லட்சத்து நாப்பதாயிரம் புத்தகம். இதெல்லாம் எனக்கு நேரமில்லைங்க.

பென்சில்ல எழுதினா இதுதான் சௌகரியம். அழிச்சு ஊதி விட்டா போச்சு. உங்க சேலையில விழுந்துடுச்சா? மன்னிச்சுக்குங்க.

இந்தாங்க, கொஞ்சம் நேரா பிடிங்க, ஃபோட்டோ எடுத்துக்கறேன். ரயில் ஆடுது. ஆங், அசையாதீங்க. பதினாறு டிக்கும் தெளிவா விழுந்திருக்கா? விழுந்திருக்கு. போயிடுச்சு. ரெண்டு நீலக் கோடும் வந்துடுச்சு, டைரக்டர் ஃபோனைக் கையிலயே வச்சிருப்பார் போல.

வழிநடத்தியவர்ங்கற வரியை அப்படியே விட்டுட்டேன். வெயில்ல நின்னது நான்தானே. அந்த ஷ்ஷ்ஷ்னு சொன்னதும் நான்தான். அதை இல்லைன்னு யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

தொண்டை வறண்டு போச்சு. இருபத்தாறு வருஷத்தில இவ்வளவு நான் பேசினதில்லை, உங்களைப் பார்த்ததும் என்னமோ பேசிட்டே வந்துட்டேன். ஏ ஜெனோவா! ஜெனோவா, இங்க வா. அந்த பாட்டிலைக் கொண்டா. ஏன் இப்படி முழிக்கிறே, தண்ணி கேட்டா தப்பா? தண்ணி இருக்கா அதுல, இல்லை சும்மாத்தான் தூக்கிட்டு அலையறியா?

இருக்கு. அட, ஜில்லுன்னு இருக்கே.

இவங்க மதுரையில இறங்கறாங்க. அந்தப் பையை நகர்த்தி வழி விடுங்கடி, ஒருத்தியாவது எழுந்து வாங்க. என்னைப் பார்த்துக்கிட்டு நிக்காதே ஜெனோவா, இந்தா, வாங்கிக்கோ. இரு, மூடியைச் சரியா மூடித் தர்றேன்.

டக். டக்.